கான்டெஸ்டில் நமக்காகக் கூப்பிடும் பதிவுக் குரல்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து, போன வருடம் ஹாம் ரேடியோவுக்கான (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) தொடக்க நிலை, ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு, உரிமம் வாங்கிய ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வருகிற அக்டோபர் கான்டெஸ்டில் முதல்முறையாக முழு மூச்சாக உட்காரப் போகிறேன். குரலைப் பதிந்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் அதுவே கூப்பிட்டுக்கொண்டிருக்கும் என்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? 50 வாட்டை வைத்துக்கொண்டிருக்கும் எனக்கு இதனால் என்ன பயன்? நண்பர் ஒருவர் சின்ன சர்க்யூட் ஒன்றில் செய்து பார்த்தார், குரல் மூக்கடைத்ததுபோல் போனது. நான் எப்படிச் செய்வது?"

ஏமாற்று வேலை இல்லை, தம்பி. இதற்கு வாய்ஸ் கீயர் என்று பெயர். கான்டெஸ்ட் என்பது குறித்த நேரத்துக்குள் எத்தனை நிலையங்களோடு பேசி முடிக்கிறோம் என்ற போட்டி. உலகின் பெரிய கான்டெஸ்ட் நிலையங்களில் இது இல்லாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மோர்ஸ் அடிப்பவர்கள் நினைவகம் வைத்த கீயரில் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவதை நாம் குரலில் செய்கிறோம், அவ்வளவுதான். ஆனால் எதை இயந்திரத்திடம் விடலாம், எதை விடக்கூடாது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கூப்பிடுகிற வேலையை அது செய்யட்டும். வந்தவருடைய அழைப்புக்குறியை, அதாவது உரிமத்தோடு கிடைக்கும் எழுத்தும் எண்ணுமான பெயரை, மட்டும் உங்கள் வாய்தான் சொல்ல வேண்டும். கீழே எழுதப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும்.

முதலில் 50 வாட் கவலையை முடித்துவிடுகிறேன். நீங்கள் சொல்வது சி.கியூ. வேர்ல்ட் வைட் போட்டியின் குரல் பகுதி. அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில், நம் கடிகாரப்படி சனிக்கிழமை காலை 5.30-க்குத் தொடங்கி திங்கள் காலை 5.30 வரை 48 மணி நேரம் ஓடும். ஒவ்வொரு தொடர்பிலும் சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற அறிக்கையையும், போட்டிக்காக உலகைப் பிரித்து வைத்திருக்கும் மண்டலங்களில் நம்முடைய எண்ணையும் பரிமாறிக்கொள்கிறோம். இந்தியா 22-ஆவது மண்டலம். ஆகவே நீங்கள் இரண்டு நாளும் சொல்லப்போவது "ஃபைவ் நைன் டூ டூ" என்ற நான்கு சொற்கள்தான். ஒவ்வொரு பேண்டிலும் (40 மீட்டர், 15 மீட்டர் என்று பெயரிட்ட அலைவரிசைத் தொகுதி) எத்தனை நாடுகள், எத்தனை மண்டலங்கள் பிடித்தோம் என்பது மொத்தப் புள்ளியைப் பெருக்கும். 22-ஆவது மண்டலத்தில் நம்முடன் இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு எல்லாம் அடங்கினாலும், அந்த இரண்டு நாட்களும் ஒலிபரப்பியைத் திறந்து உட்காருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நீங்கள் ஒரே தொடர்பில் ஒரு நாடு, ஒரு மண்டலம் என்று இரண்டு பெருக்கிகள். அவர்தான் உங்களைத் தேடுவார். சின்ன நிலையங்கள் மற்றவர்களைத் தேடிப் போய் அழைக்கத்தான் லாயக்கு என்று புத்தகங்களில் வரும் அறிவுரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் சின்ன நிலையங்களுக்கானது. வி.யு. என்று தொடங்கும் இந்திய அழைப்புக்குறி வைத்திருப்பவர் ஒரு அலைவரிசையைப் பிடித்து உட்கார்ந்து கூப்பிட வேண்டும், 50 வாட்டாக இருந்தாலும்.

அப்படிக் கூப்பிடும்போதுதான் தொண்டைக்கு வேலை வருகிறது. ஒரு அழைப்பு 5 விநாடி, அதன்பின் காது கொடுக்க 3 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பதில் சொல்லாத ஒரு மணி நேரத்தில் 450 முறை அதே வாக்கியம். பத்து மணி நேரத்தில் எந்தத் தொண்டையும் கட்டிவிடும். சுக்கும் மிளகும் பனங்கற்கண்டும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும்.

தொண்டையைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. வாய் பேசிக்கொண்டிருக்கும்போது மூளையின் ஒரு பகுதி பேச்சில் மாட்டிக்கொள்கிறது. பதிவுக் குரல் ஓடும் அந்த 5 விநாடியில் நீங்கள் அடுத்த பேண்டின் நிலவரத்தைப் பார்க்கலாம், தவறாகத் தட்டிய எழுத்தைத் திருத்தலாம், ஒரு வாய் மோர் குடிக்கலாம். அது நின்றதும் பேசி முடித்த காதைப்போல் இல்லாமல், ஓய்ந்திருந்த காதோடு கேட்பீர்கள். ஒரே ஆள் இரண்டு ரேடியோக்களை வைத்து இரண்டு பேண்டில் மாறிமாறி வேலை செய்யும் பெரிய ஆட்டக்காரர்களுக்கு இது இல்லாமல் ஆகவே ஆகாது. ஒரு ரேடியோ கூப்பிடும்போது அவர்கள் மற்றொன்றில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே சமயத்தில் ஒரு சிக்னல்தான் வெளியே போக வேண்டும் என்ற விதியை மட்டும் அவர்கள் மீறக்கூடாது.

நம் பக்கத்து வீடுகளுக்கென்று தனியாக ஒரு லாபமும் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீட்டில், இரவு இரண்டு மணிக்கு 40 மீட்டரில் ஐரோப்பா வருகிறது என்று நீங்கள் "சி.கியூ. கான்டெஸ்ட்" என்று, போட்டிக்கு யாராவது வாருங்கள் என்ற பொருளில், கத்தினால் தூங்குகிற பிள்ளை எழும், அடுத்த வீட்டுப் பெரியவர் திண்ணைக்கு வந்து உட்காருவார். வாய்ஸ் கீயர் இருந்தால் வீடு அமைதியாக இருக்கும், ஹெட்போனுக்குள் மட்டும் நடப்பது நடக்கும். இது மறுபக்கமும் வேலை செய்கிறது. ஐப்பசியில் துலா உற்சவத்துக்குக் கட்டிய ஒலிபெருக்கி மாயவரத்துத் தெருவில் முழங்கிக்கொண்டிருந்தாலும், பதிவுக் குரல் போகும்போது மைக் மூடியிருப்பதால் அது உங்கள் சிக்னலோடு சேர்ந்து ஜெர்மனிக்குப் போகாது.

இனி விதி. வாய்ஸ் கீயர் வைத்திருப்பதால் நீங்கள் 'உதவி பெற்றவர்' என்ற பிரிவுக்குப் போக வேண்டியதில்லை. டி.எக்ஸ். கிளஸ்டர் என்ற இணையப் பலகைபோல், யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்று வெளியிலிருந்து தகவல் வந்தால்தான் அது உதவி. பதிவுக் குரல் உங்களுடையது, நீங்கள் அழுத்தும் பொத்தானில் ஓடுகிறது. அமெரிக்க ரேடியோ ரிலே லீக் நடத்தும் போட்டிகளின் பொது விதியில் எல்லை தெளிவாகவே போடப்பட்டிருக்கிறது: ஒவ்வொரு தொடர்பையும் இரு பக்கமும் உள்ள ஆட்கள் அந்த நேரத்திலேயே நேரடியாகத் தொடங்கிவைக்க வேண்டும். ஆள் இல்லாமல் கணினியும் கணினியும் பேசிக்கொள்வது கணக்கில் வராது.

எழுதிய விதி இதுவென்றால், எழுதாத விதி ஒன்று எனக்கு முக்கியம். அழைப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. ஞாயிறு விடியற்காலையில் பேண்டைச் சுற்றிப் பார்த்தால் கேட்கும். அருமையான சிக்னல், அருமையான குரல், மூன்று நாட்டுக்காரர்கள் பதில் சொல்கிறார்கள், அந்தக் குரல் அவர்களைக் கவனிக்காமல் மறுபடியும் "சி.கியூ. கான்டெஸ்ட்" என்கிறது. அந்த அலைவரிசையை வேறு ஒருவர் உருப்படியாகப் பயன்படுத்தியிருப்பார். எனக்கு இதைவிட எரிச்சல் தரும் விஷயம் இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. தூக்கம் வந்தால் எழுந்து போய்ப் படுங்கள். தொடங்குவதற்கு முன்பும் "இந்த அலைவரிசை காலியா?" என்று உங்கள் வாயால் இரண்டு முறை கேட்டு, காது கொடுத்துவிட்டுத்தான் பொத்தானைத் தொட வேண்டும்.

இப்போது உங்கள் நண்பரின் மூக்கடைப்பு. நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது ஐ.எஸ்.டி.1820 என்ற ஒற்றைச் சில்லு வைத்த பலகையாகத்தான் இருக்கும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் பொம்மையைப் பேசவைக்கப் போடுவார்களே, அதேதான். ஒரு காலத்தில் டேப்பைச் சுற்றுவட்டமாக ஒட்டி ஓடவிட்டுக் கூப்பிட்டார்கள். பிறகு கணினிக்குள் செருகும் அட்டைகள் வந்தன, அப்புறம் ஐ.எஸ்.டி. வகைச் சில்லுகள் வந்து கையடக்கப் பெட்டிகளாயின. ஆகவே உங்கள் நண்பர் போன வழி தவறில்லை. கோளாறு ஒரு மின்தடையில் இருக்கிறது. அந்தச் சில்லில் எவ்வளவு நேரம் பதியலாம் என்பதை ஒரு மின்தடைதான் தீர்மானிக்கிறது. 100 கிலோ ஓம் போட்டால் 10 விநாடி பதியும், குரலில் 2.6 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். 80 கிலோ ஓம் என்றால் 8 விநாடி, 3.4 கிலோஹெர்ட்ஸ். நேரம் கூடுதலாக வேண்டும் என்று 200 கிலோ ஓம் போட்டால் 20 விநாடி கிடைக்கும், ஆனால் 1.3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் வெட்டுப்பட்டுவிடும். 'ச', 'ஃப', 'ட்ர' போன்ற ஒலிகளுக்கு உயிர் அதற்கு மேலேதான் இருக்கிறது. அவை போனபின் மிஞ்சுவது உயிரெழுத்துகள் மட்டும். அதுதான் மூக்கடைப்பு. நண்பரை அந்த மின்தடையை மாற்றச் சொல்லுங்கள். நாம் குரலுக்குப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.பி. முறை ஒலிபரப்பியே ஏறக்குறைய 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்புகிறது என்பதால், 8 அல்லது 10 விநாடி அமைப்பில் அந்தச் சில்லு அதற்குச் சரியாகவே பொருந்தும். கணினி இல்லாமல், ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோவைக் கையால் கட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்கும் அது நல்ல வழி.

உங்களிடம் லேப்டாப் இருப்பதால் அதிலேயே செய்யலாம். என்1எம்எம் லாகர் பிளஸ் என்ற மென்பொருள் இலவசம், விண்டோஸில் ஓடும், தொடர்புகளைப் பதியும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். எஃப்1 பொத்தானில் அழைப்பு, எஃப்2-இல் அறிக்கையும் மண்டலமும், எஃப்3-இல் நன்றி, எஃப்4-இல் உங்கள் அழைப்புக்குறி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலிக்கோப்பைக் கட்டிவைக்கலாம். ஆல்ட்டும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் அழைப்பு இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்ப ஓடும். எஸ்கேப் அழுத்தினால் பாதியில் நிற்கும். எஸ்கேப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே விரல் போகுமளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள், அதுதான் மிக அதிகமாக வேலை செய்யும். உங்களிடம் இருப்பது ஐகாம் 7300 போன்ற ரேடியோ என்றால் கணினியே வேண்டாம், ரேடியோவுக்குள்ளேயே எட்டு குரல் நினைவகங்கள் இருக்கின்றன.

பதிவில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். போட்டிக்கு முந்தின இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றால் தவளைகள் விடாது. ஜன்னலைச் சாத்தினாலும் அந்தச் சத்தம் பதிவில் அடியில் கிடக்கும், மெல்லிய ஒலிகளை உயர்த்தும் ரேடியோவின் கம்ப்ரசர் அதைத் தோண்டி எடுத்து மேலே கொண்டுவரும். மின்விசிறி அதைவிட மோசம். நேரில் பேசும்போது தெரியாத விசிறிக் காற்று, பதிவு முடிந்து சொற்களுக்கு நடுவே வரும் இடைவெளியில் 'உஸ்ஸ்' என்று மேலெழும். பகலில், பக்கத்தில் மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து, விசிறியை நிறுத்தி, வியர்த்தாலும் பரவாயில்லை என்று உட்காருங்கள். ஒலிபரப்பும்போது எந்த மைக்கில் பேசப்போகிறீர்களோ அதே மைக்கில், உதட்டிலிருந்து அதே தூரத்தில், அதே நாற்காலியில். லேப்டாப்பின் சொந்த மைக்கில் பதிந்தால் அறையின் எதிரொலி ஒட்டிக்கொள்ளும். பதிவுக் குரலும் நேர்க் குரலும் இரண்டு வேறு ஆட்கள்போல் கேட்டால், எதிரில் இருப்பவர் உங்கள் நேர்க் குரலை வேறு யாரோ குறுக்கிடுகிறார் என்று நினைத்து நின்றுவிடுவார். நடைமுறையில் தொடர்புகள் இதனால்தான் விடுபடுகின்றன.

என்ன பேசுவது? "சி.கியூ. கான்டெஸ்ட்", பிறகு அழைப்புக்குறி இருமுறை, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய ஒலிப்பெயரில், கடைசியில் "கான்டெஸ்ட்". வணக்கம், அன்பு, இந்தியா அழைக்கிறது என்றெல்லாம் வேண்டாம். விக்டர், யூனிஃபார்ம் என்று உலகம் முழுவதும் தெரிந்த ஒலிப்பெயர்களையே வைத்துக்கொள்ளுங்கள், சொந்தமாகக் கற்பனை செய்த பெயர்கள் நெரிசலில் புரியாது. நம் நாக்குக்கு ஒரு பழக்கம் உண்டு, மெய்யெழுத்தில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் ஒரு 'உ' சேர்த்துவிடுவோம். "ஃபைவ்வு நைன்னு" என்று. நேர்ப் பேச்சில் யாருக்கும் அது குறையில்லை. வெளிநாட்டுக் காதுக்கு, சத்தத்துக்கு நடுவே, அந்தக் கூடுதல் அசை இன்னொரு எழுத்தோ எண்ணோ வந்ததாகத் தோன்றும். பதிவைத் திரும்பக் கேட்டு அந்த 'உ' இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மறுபடி பதியுங்கள். பதிவுக் குரலின் வசதியே இதுதான், சரியாக வரும்வரை செய்யலாம். 'யூனிஃபார்ம்' என்பதை விழுங்காமல், 'த்ரீ' என்பதை 'ட்ரீ' ஆக்காமல்.

எஃப்2-க்கு இரண்டு பதிவுகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேகமாக, நல்ல சிக்னலோடு வருகிறவர்களுக்கு. இன்னொன்று நிதானமாக, "ஜோன் டூ டூ, டூ டூ" என்று திருப்பிச் சொல்வது, மெலிந்த சிக்னலுக்கு வேறொரு பொத்தானில். "மறுபடி சொல்லுங்கள்" என்பதற்கெல்லாம் பதிவு வேண்டாம். அது வாயில் வருகிற விஷயம்.

வெட்டுவதில் கவனம் இருக்கட்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். பதிவின் தொடக்கத்தில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வெற்றிடம் விடுங்கள். ரேடியோ ஒலிபரப்புக்கு மாறுவதற்குள் முதல் அசை வெளியேறிவிட்டால் உங்கள் அழைப்பு "கியூ கான்டெஸ்ட்" என்று தலை இல்லாமல் போகும். முடிவில் எதுவும் விடாமல் கடைசி எழுத்தோடு வெட்டுங்கள். நீங்கள் முடித்த கணத்தில் ஆஸ்திரியாக்காரர் பேசத் தொடங்குகிறார். உங்கள் கோப்பின் வாலில் அரை விநாடி மௌனம் ஒட்டியிருந்தால் அவருடைய முதல் எழுத்து உங்களுக்குக் கேட்காது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டிவிடுங்கள். மார்பிலிருந்து வரும் கம்பீரம் 50 வாட்டைத் தின்றுவிட்டுச் செவிக்கு ஒன்றும் தராது. 2 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைச் சற்று ஏற்றினால் மெய்யெழுத்துகள் தெளியும். ரேடியோவில் கம்ப்ரசர் போட்டிருந்தால் கோப்பிலும் போடாதீர்கள்.

இனி இணைப்பு. புது ரேடியோக்களில் ஒரே யு.எஸ்.பி. கம்பியில் ஒலியும் கட்டுப்பாடும் போகும், வேலை எளிது. ஆனால் பேசும்போது மைக், பதிவு ஓடும்போது யு.எஸ்.பி. என்று ஒலி எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதை ரேடியோவின் மெனுவில் சரிசெய்திருக்க வேண்டும். பதிவு ஓடுகிறது, ஒலிபரப்பு விளக்கு எரிகிறது, மீட்டர் அசையவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். ரேடியோ டேட்டா மோடில் கிடந்தால் பல மாடல்களில் கம்ப்ரசர் வேலை செய்யாது, அதையும் கவனியுங்கள்.

பழைய ரேடியோ என்றால் லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து மைக் சாக்கெட்டுக்குத்தான் போக வேண்டும். நேராகச் செருகினால் நாசம். ஹெட்போன் துளையில் ஒரு வோல்ட் அளவுக்கு வரும், மைக் சாக்கெட் எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். 10 கிலோ ஓம் ஒன்றைத் தொடராகவும், 100 ஓம் ஒன்றைத் தரைக்கும் போட்டால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறையும். நடுவில் ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். லேப்டாப்பின் தரையும் ரேடியோவின் தரையும் நேராகச் சேர்ந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குரலோடு சேர்ந்து போகும், டிரான்ஸ்ஃபார்மர் அதைத் துண்டிக்கிறது. உதிரிபாகம் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போக நேரமில்லை என்றால் பழைய டயல்-அப் மோடம் அட்டை ஒன்றைத் தேடுங்கள், அதில் 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் குட்டியாக உட்கார்ந்திருக்கும். பிட்எக்ஸ் வகையில் எலெக்ட்ரெட் மைக்குக்காக சாக்கெட்டில் டி.சி. வோல்டேஜ் இருக்கும், அதைத் தடுக்க 1 மைக்ரோஃபேரட் கண்டென்சர் ஒன்று அவசியம்.

ஒலிபரப்பைத் தொடங்க, சத்தம் வந்தால் தானே திறக்கும் வாக்ஸ் வசதியை நம்பாதீர்கள், கணினியின் கட்டுப்பாட்டுக் கம்பி வழியாகவே செய்யுங்கள். வாக்ஸ் போட்டிருந்தால் லேப்டாப்பில் எந்தச் சத்தம் வந்தாலும் ஒலிபரப்பி திறந்துகொள்ளும். மின்னஞ்சல் வந்ததற்கான 'டிங்' என்ற மணியை நாலு கண்டத்துக்கும் அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். எதற்கும் விண்டோஸின் ஒலிகளை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள்.

பிறகு ரேடியோ அலையே கம்பிகளுக்குள் புகுந்து செய்யும் சேட்டை. நம் வீடுகளில் ஆன்டெனா கூரைக்கு நேர் மேலேதான் இருக்கிறது. கஜா புயலில் தென்னைகள் சாய்ந்தபின் கம்பியைத் தூரமாகக் கட்டிக்கொண்டிருந்தவர்களும் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார்கள். அடையாளம் இப்படி இருக்கும்: 10 வாட்டில் குரல் சுத்தம், 50 வாட்டில் கரகரப்பு. அல்லது பதிவு முடிந்தபின்னும் ஒலிபரப்பு நிற்காது, மவுஸ் உறைந்துவிடும். யு.எஸ்.பி. கம்பியை 31 வகை ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றுங்கள், ஆன்டெனாவின் ஊட்டுமுனையில் கோஆக்ஸ் கேபிளுக்கும் அலை திரும்பி வராமல் தடுக்க ஒரு சோக் போடுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் தீர்த்துவைக்கும்.

அந்த வார இறுதியில் இடி மின்னலோடு மழை வந்து மின்சாரம் போவது நம் பக்கத்தில் எதிர்பார்க்க வேண்டியது. வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் ரிசீவரில் இரைச்சல் கொட்டும், லேப்டாப் சார்ஜர் வழியாகப் பதிவுக் குரலிலும் ஏறும். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு அதன் 12 வோல்ட் டியூபுலர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தடித்த கம்பியில் ரேடியோவை நேராக ஓட்டுங்கள், லேப்டாப் தன் பேட்டரியில் ஓடட்டும். சக்தி சற்றுக் குறையும், சுத்தமாக இருக்கும். இடி அருகில் வந்தால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு எழுந்துவிடுங்கள். எந்தப் பெருக்கியும் அதற்கு ஈடில்லை.

எல்லாம் கட்டியபின், வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஒரு சோதனை. நாகப்பட்டினத்திலோ திருச்சியிலோ இருக்கும் நண்பரை 40 மீட்டரில் கேட்கச் சொல்லுங்கள். முதலில் நேர்க் குரல், அடுத்து பதிவு, எது எது என்று சொல்லாமல். இரண்டிலும், உள்ளே வரும் ஒலி மிஞ்சுகிறதா என்று காட்டும் ஏ.எல்.சி. மீட்டர் ஒரே அளவு ஆடவேண்டும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இணையம் வழியாக யாரும் கேட்கக்கூடிய ரிசீவர் ஒன்று இருக்கிறது. மாலையில் 15 மீட்டரில் கூப்பிட்டுவிட்டு அதில் உங்களை நீங்களே கேளுங்கள். ஐரோப்பாவின் இரைச்சலில் எந்த எழுத்து கரைகிறது என்று அப்போதுதான் தெரியும். ஆனால் போட்டி நடக்கும்போது அதைத் திறக்காதீர்கள், அது விதிமீறல்.

போட்டியில் எப்போது எதை அழுத்துவது? காலையில் 15, 10 மீட்டரில் ஜப்பான் திறக்கும். ஆசியாவுக்குள் ஒரு தொடர்புக்கு 1 புள்ளிதான் என்றாலும் ஜப்பானியர்கள் ஒழுங்காக வரிசையில் வருவார்கள், புது ஆளுக்கு நல்ல பயிற்சி. இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் ஓசியானியா கண்டம் என்பதால் 3 புள்ளி, அவர்களை விடாதீர்கள். இந்திய நிலையத்தோடு பேசினால் புள்ளி கிடையாது, பெருக்கிக்கு மட்டும் உதவும், ஒரு பேண்டுக்கு ஒருமுறை போதும். மதியத்துக்கு மேல் அதே பேண்டுகளில் ஐரோப்பா எழும். அப்போது எஃப்1-ஐ ஓடவிட்டு உட்காருங்கள். இடைவெளி இரண்டரை முதல் மூன்று விநாடி. அதைக் குறைத்தால் எதிரில் இருப்பவர் பொத்தானை அழுத்துவதற்குள் நீங்கள் அவர்மேல் பேசிவிடுவீர்கள். கூட்டினால் அலைவரிசை காலி என்று வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒருவர் பதில் சொன்னதும் அவருடைய அழைப்புக்குறியைத் தட்டத் தொடங்குவீர்கள், மென்பொருள் அழைப்பை நிறுத்திக்கொள்ளும். இப்போது வாய் திறக்க வேண்டும். அவர் அழைப்புக்குறியை நீங்கள் சொல்லுங்கள், உடனே எஃப்2. அவர் தன்னுடையதைச் சொன்னதும் எஃப்3. இந்தத் தாளம் கைக்கு வர ஒரு மணி நேரம் பிடிக்கும். அழைப்புக்குறியையும் ஒவ்வொரு எழுத்தாகப் பதிந்த துண்டுகளை ஒட்டிச் சொல்லும் வசதி மென்பொருளில் உண்டு, இப்போது நம் குரலையே நகலெடுத்துப் பேசும் செயற்கைக் குரல்களும் வந்துவிட்டன. நான் அதைச் சேர்க்க மாட்டேன். காரணம் நியாயம் அநியாயம் பற்றியது மட்டுமில்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும் நெரிசலில் உங்களுக்குக் கிடைப்பது "...லிமா ஜூலியட்" என்ற வால் மட்டும்தான். "லிமா ஜூலியட், மறுபடி?" என்று கேட்கிற அழுத்தத்தில், அவர் திருத்தும்போது அந்த ஓர் எழுத்தை மட்டும் நீட்டிச் சொல்வதில், நான் சரியாகக் கேட்டேனா என்பது அவருக்குத் தெரிகிறது. ஒட்டுப்போட்ட குரல் எல்லா எழுத்தையும் ஒரே தொனியில் சொல்லும். தவறாகப் பதிந்த அழைப்புக்குறிக்கு அந்தத் தொடர்பும் போகும், மேற்கொண்டு புள்ளிகளும் கழியும். அந்த இடத்தில் சோம்பல் கட்டுப்படியாகாது. பேச்சுத் திக்கலோ தொண்டைக் கோளாறோ உள்ளவர்கள் வேறு. அவர்கள் எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொண்டு ஆடட்டும், அதைக் குறை சொல்பவரோடு நான் சண்டைக்கு வருவேன்.

நெரிசல் கூடிவிட்டால் எஃப்1-ஐ மறந்துவிடுங்கள். நன்றி சொல்லி உங்கள் அழைப்புக்குறியை ஒருமுறை சொன்னால் போதும், அடுத்தவர்கள் வந்துவிடுவார்கள். நீண்ட அழைப்பை ஓட்டினால் காத்திருப்பவர்கள் கலைந்துவிடுவார்கள். மறுபக்கம், நீங்கள் தேடிப் போய் ஒருவரை அழைக்கும்போது எஃப்4 கை கொடுக்கும், ஆனால் அங்கே மூன்றாம் முறைக்குமேல் பதிவை நம்பாதீர்கள். அவர் உங்கள் அழைப்புக்குறியில் ஓர் எழுத்தைத் தவறாகப் பிடித்திருந்தால் பதிவு அதே தொனியில் அதையேதான் திரும்பச் சொல்லும், திருத்துவது உங்கள் வாயால்தான் முடியும்.

போட்டி நேரத்தில் யாராவது அவசரத் தகவல் என்று குறுக்கிட்டால் உடனே எஸ்கேப். 2004 டிசம்பரில் அந்தமானுக்கு அரிய நிலையம் அமைக்கப் போயிருந்த நம் நாட்டு ஹாம்கள், சுனாமி வந்ததும் அந்தத் தொடர்புகளைத் தூக்கி வைத்துவிட்டு செய்தித் தொடர்பில் இறங்கினார்கள். நாகை மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த 26-ஆம் தேதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

முடித்தபின் தொடர்புகளின் பட்டியலான லாக் கோப்பை ஐந்து நாட்களுக்குள் அனுப்பிவிடுங்கள். உச்சத்தில் ஐந்து இடங்களுக்குள் வர நினைக்கிறவர்கள் இரண்டு நாள் ஒலியையும் பதிந்து வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இந்த முறை உங்களுக்கு அது தேவைப்படாது, ஆனால் என்1எம்எம் ஓடும் அதே லேப்டாப்பில் பதிந்து வையுங்கள். கார்த்திகையில் உட்கார்ந்து கேட்டால் உங்கள் எஃப்1-க்கும் முதல் பதிலுக்கும் இடையே எத்தனை பேரை நீங்கள் கேட்காமல் விட்டீர்கள் என்று தெரியும். மார்ச் கடைசியில் டபிள்யூ.பி.எக்ஸ். என்ற போட்டி வருகிறது. அதில் மண்டலத்துக்குப் பதில் வரிசை எண், ஒவ்வொரு தொடர்புக்கும் மாறும், எஃப்2-இல் அடைக்க முடியாது. அதற்கு எப்படி என்று அப்போது கேளுங்கள்.